காரணம்: வயசு

ஜூன் 11, புதன்

தண்ணீர் லாரி வரவில்லை. மூன்று மாடி இறங்கி வெறுங்குடத்தோடு முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு, அதே வெறுங்குடத்தோடு ஏறினேன். சகுந்தலா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கத்தியிருப்பேன்.

எந்தப் பஸ் எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது என்று முப்பத்தோரு வருடமாக டெப்போவில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதாமல் விட்ட நாள் நடந்த மாதிரியே இருப்பதில்லை. அதனால் வீட்டிலும் எழுதுகிறேன். வேறு பெரிய காரணம் கிடையாது.

நிரந்தர லீக்கில் இன்று மூன்றாம் இடத்தில் இருக்கிறேன். பின்னால் இதைப் புரட்டுகிறவர்கள் (யார் புரட்டப்போகிறார்கள்) தெரிந்துகொள்ளட்டும்: நாங்கள் ஆறு பேர். எல்லாரும் வியாசர்பாடியில் பந்து உதைத்து வளர்ந்து இப்போது மூட்டுவலித் தைலம் தடவுகிறவர்கள். சென்னை லீக்கில் நிஜமாக ஆடும் பையன்களில் ஆளுக்கு எட்டுப் பேரைப் பங்கு போட்டு வைத்திருக்கிறோம். அவன் கோல் போட்டால் எனக்கு ஐந்து பாயிண்ட், கோலுக்குப் பந்து கொடுத்தால் மூன்று. வெளிநாட்டில் போனில் ஆடுவார்களாமே, அதைப் பார்த்து ஆரம்பித்தது. ஆனால் அங்கேபோல் வருடத்துக்கு வருடம் கலைக்கிற வேலை இங்கே இல்லை. ஒருவனை எடுத்தால் அவன் ஆட்டத்தை விடும்வரை உன் ஆள். வேண்டாமென்றால் ஜூலை ஒன்றிலிருந்து பதினைந்துக்குள் இன்னொருவரோடு டிரேட் செய்துகொள்ளலாம். செராக்ஸ் கடை கோட்டீஸ்வரன் கணக்கு வைக்கிறான்.

ஒன்பது வருடத்தில் ஆல்பர்ட் நான்கு முறை ஜெயித்தான். தாமோதரன் இரண்டு முறை. மற்ற மூன்று பேரும் ஆளுக்கு ஒரு முறை. நான் பூஜ்ஜியம். கோட்டீஸ்வரனுக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்று இன்றைக்கும் சரியாகத் தெரியாது. அவனே ஒரு முறை ஜெயித்துவிட்டான்.

என் டீமில் பெரிய ஆள் ரூபன். என் மகன்தான். பதினேழு வயதில் அவனை முதல் ஆளாக எடுத்தபோது சொந்தச் சரக்கு என்று கிண்டலடித்தார்கள். இப்போது இருபத்தாறு. நடுக்களத்தில் அவனைத் தாண்டிப் பந்து போவது கஷ்டம். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு சர்க்கார் ஆபீஸ் டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள், ஒரே ஒரு இடம். இன்டர்வியூ முடிந்து பட்டியலில் முதல் பெயர் ரூபன், இரண்டாவது அஸ்வந்த் என்ற பத்தொன்பது வயதுப் பையன். ஆகஸ்ட் நடுவில் ஆர்டர் கைக்கு வந்துவிடும் என்கிறார்கள். ஆபீஸ் பெயரை எழுதக் கூடாது, ஆர்டர் வரும்வரை வாயிலும் எடுக்கக் கூடாது என்று சகுந்தலா உத்தரவு. எழுதவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

ரூபன் அறுபதாவது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டான். தசைப்பிடிப்பு என்றான். அவன் உள்ளே இருந்திருந்தால் கடைசியில் கிடைத்த ஃப்ரீகிக்கை அவன்தான் அடித்திருப்பான். ஐந்து பாயிண்ட் போயிற்று.

ஜூன் 16, திங்கள்

கேஸ் சிலிண்டர் வந்தது. பையன் மாடி ஏற மாட்டேன் என்று கீழேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். நானும் ரூபனும் தூக்கினோம். அவன் இரண்டாவது மாடியில் நின்றுவிட்டான்.

ஜூன் 19, வியாழன்

மத்தியானம் ரூபன் டெப்போவுக்கே வந்தான். வருகிறவன் இல்லை. கேன்டீனுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்த பழைய பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். பையிலிருந்து ஒரு கவரை எடுத்துக் கொடுத்தான். முட்டி ஸ்கேன். எனக்குப் படம் புரியவில்லை, கீழே எழுதியிருந்தது புரிந்தது. லிகமென்ட் கிழிந்திருக்கிறது. ஆபரேஷன் செய்ய வேண்டும், ஒன்பது மாதம் பந்தைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எந்த டாக்டர் என்றேன். தாம்பரம் பக்கம் போய்ப் பார்த்திருக்கிறான். வடசென்னையில் எந்த டாக்டரிடம் போனாலும் சாயங்காலத்துக்குள் கிரவுண்டில் தெரிந்துவிடும் என்று அவ்வளவு தூரம் போயிருக்கிறான்.

ஆபீஸில் சேரும்போது பார்க்கிற மெடிக்கலில் கண், பிரஷர், சர்க்கரை, அவ்வளவுதான். ஆர்டர் வாங்கிச் சேர்ந்துவிட்டால் லீவு போட்டு ஆபரேஷன் செய்துகொள்ளலாம், சீசனும் முடிந்திருக்கும். அதுவரை பட்டை சுற்றிக்கொண்டு அரை மணி நேரம், கால் மணி நேரம் என்று இறங்கிச் சமாளிக்க வேண்டும். இதுதான் அவன் திட்டம்.

“பா, ரெண்டு மாசம். ஆர்டர் கைக்கு வர்ற வரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாது. அம்மாவுக்குக்கூட. ஒன்கிட்ட மட்டுந்தான் சொல்றேன்.”

சரி என்றேன். வேறென்ன சொல்ல முடியும்.

என் இருபத்து நான்காவது வயதில் நானும் ஒரு டீமுக்கு செலக்ஷன் போனேன். கணுக்கால் வீங்கியிருந்தது. டாக்டர் கேட்கும் முன்பே நானே காலைக் காட்டினேன். போய்ட்டு அடுத்த வருஷம் வா என்றார்கள். அடுத்த வருஷம் என்று ஒன்று வரவேயில்லை. இதை ரூபனிடம் சொல்லவில்லை. இப்போது எதற்கு.

ஜூன் 20, வெள்ளி

சர்க்கரை 212. மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஜூன் 25, புதன்

ரூபன் இருபத்தைந்து நிமிடம் ஆடினான். நின்ற இடத்திலிருந்தே பந்தைப் பிரித்துக் கொடுத்தான். தசை இழுத்துக்கொண்டிருக்கிறது, சரியாகிவிடும் என்று கிளப் கோச் எல்லாரிடமும் சொல்கிறார். நம்புகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆல்பர்ட், பையன ஏன் முழுசா எறக்க மாட்றாங்க என்று கேட்டான். வெயிலுக்காக இருக்கும் என்றேன். ஆல்பர்ட் அந்த ஆபீஸ் டீமுக்கு உதவிக் கோச். அவன் முன்னால் நான் தும்மினால்கூட யோசித்துத்தான் தும்ம வேண்டும்.

ரூபனுக்கு பாயிண்ட் பூஜ்ஜியம்.

ஜூலை 2, புதன்

டிரேட் நேற்றுத் திறந்துவிட்டது. எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே பேரம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சும்மாதான் போட்டேன். ரூபன் இந்த சீசனில் இனி ஒன்றும் எடுக்கமாட்டான். ஆபரேஷன் என்றால் அடுத்த சீசனில் பாதி போயிற்று. திரும்பி வரும்போது இருபத்தேழு. கிழிந்து தைத்த முட்டியோடு வந்த நடுக்கள ஆட்டக்காரனைப் பழைய மாதிரி ஆடி நான் பார்த்ததில்லை. இன்றைக்கு அவனுக்குப் பதிலாகக் கேட்டால் யாரானாலும் நல்ல ஆளைக் கொடுப்பார்கள். அடுத்த ஜூலையில் கேட்டால் சிரிப்பார்கள். இது எல்லா டீம்காரனும் போடுகிற கணக்கு. முட்டி போன ஒருவனை ஆல்பர்ட் என் தலையில் கட்டினானே, நான்காவது வருடமோ ஐந்தாவது வருடமோ, அப்போது யாரும் அவனைக் கெட்டவன் என்று சொல்லவில்லை. கெட்டிக்காரன் என்றார்கள்.

ஜூலை 6, ஞாயிறு

தாமோதரன் வஞ்சிரம் வாங்கிக்கொண்டு வந்தான். எங்கள் டெப்போவில் டிரைவராக இருந்து ரிட்டயரானவன். பெண்டாட்டி போய் ஆறு வருடம், பிள்ளை குட்டி இல்லை. சகுந்தலா கையால் குழம்பு சாப்பிட மாதம் ஒரு முறை வந்துவிடுவான். முல்லை நகரில் தரைத்தளத்தில் வீடு. எங்கள் மாடிப்படியைத் திட்டிக்கொண்டேதான் ஏறுவான்.

சாப்பிட்டு முடித்து ரூபன் கீழே இறங்கிப் போனான். தாமோதரன் வாசலில் நின்று அவன் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக. நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

அந்த அஸ்வந்த் தாமோதரன் டீமில் இருக்கிறான். இடது கால். பதினொரு மேட்சில் எட்டு கோல். பத்தொன்பது வயது! இன்னும் பன்னிரண்டு வருடம் வைத்துக்கொள்ளலாம்.

ஜூலை 9, புதன்

லாரி வந்தது. எட்டுக் குடம்.

ஜூலை 13, ஞாயிறு

இதை எழுதிவைத்தால் எனக்கே தெளிவாகும்.

ஒன்று, நான் யாரிடமும் முட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை. ரூபன் கேட்டது அவ்வளவுதான். இரண்டாவது, டிரேட் செய்தால் ரூபனுக்கு என்ன ஆகிவிடும்? அவன் சட்டை மாறுமா, சம்பளம் மாறுமா, சாப்பாட்டுத் தட்டு மாறுமா? கோட்டீஸ்வரன் நோட்டில் ஒரு பெயர் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும். மூன்றாவது, அடுத்த ஏப்ரலில் நான் ரிட்டயர். வீட்டில் உட்கார்ந்தால் இந்த ஒரு விளையாட்டுதான் எனக்கு. ஒன்பது வருடமாக அவனுக்காகத்தான் நல்ல நல்ல டிரேட்டையெல்லாம் விட்டேன். அவனை வைத்துக்கொண்டே ஜெயிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். ஜெயித்தேனா?

குரூப்பில் ஆல்பர்ட் இருக்கிறான் என்பது தெரியும். ஆல்பர்ட் என்ன டாக்டரா?

ஜூலை 14, திங்கள்

முடித்தேன்.

காலை 11.10, டெப்போவில் இருந்தபடி குரூப்பில் போட்டேன்: “ரூபன் டிரேடுக்கு.” உடனே ஆல்பர்ட், ஏன்டா என்று கேட்டான். கோட்டீஸ்வரன் விதியை ஞாபகப்படுத்தினான். எங்கள் லீக்கில் ஒருவனை விடும்போது ஏன் விடுகிறோம் என்று ஒரு வரி எழுத வேண்டும். முன்பு ஒருத்தன், தன் ஆள் துபாய்க்குப் போகிறான் என்று தெரிந்து, போவதற்கு இரண்டு நாள் முன்பு என்னிடம் தள்ளிவிட்டான். அதிலிருந்து இந்த விதி. பொய்க் காரணம் எழுதி மாட்டினால் டிரேட் செல்லாது, ஆள் திரும்பி வந்துவிடுவான்.

“வயசு” என்று எழுதினேன். பொய்யில்லை. எல்லாருக்கும் வயசு ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

யாரும் ஒன்றும் எழுதவில்லை. படித்துவிட்டார்கள் என்று போன் காட்டியது. ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று எனக்கு வியர்த்தது. அப்போது தாமோதரன் போட்டான்: “ரூபனுக்கு இன்னும் எட்டு வருஷம் ஆட்டம் இருக்கு. இவன் கிறுக்கன். நான் எடுத்துக்கறேன், அஸ்வந்த்த வெச்சுக்கோ. எனக்குத்தான் லாபம்.” அதோடு நாலைந்து கைதட்டல் பொம்மைகள். நான் சம்மதம் போட்டேன். 11.14.

நான் கேட்கக்கூட இல்லை, அவனே அஸ்வந்த்தைக் கொடுத்தான்! நான் அவன் டீமில் மூன்றாம் நம்பர் ஆளைக் கேட்கலாம் என்று இருந்தேன். முப்பது வருடம் பஸ் ஓட்டியவனுக்கு எதிரே வருகிற வண்டி தெரியவில்லை. கேன்டீனில் இரண்டு வடை கூடுதலாகச் சாப்பிட்டேன், சர்க்கரை கிடக்கட்டும்.

ஜூலை 16, புதன்

அஸ்வந்த் இரண்டு கோல். நான் இரண்டாம் இடம்.

ஜூலை 20, ஞாயிறு

ரூபனுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமலா இருக்கும்? கிளப்பில் பையன்கள், உங்கப்பனே உன்னக் கழட்டி வுட்டுட்டாரு என்று கலாட்டா செய்திருக்கிறார்கள். அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து என்னிடம் வந்தான்.

“காரணம் இன்னா போட்ட?”

வயசு என்று போட்டதாகச் சொன்னேன்.

“இருவத்தாறுபா எனக்கு.”

நான் ஒரு வார்த்தைகூட வெளியே விடவில்லை, வேண்டுமானால் குரூப்பையே பார் என்று போனை நீட்டினேன். வாங்கவில்லை. யாரைக் கொடுத்தார்கள் என்று கேட்டான். அஸ்வந்த் என்றேன். கேட்டானே என்று அவனுடைய இடது காலைப் பற்றியும், பந்து வருவதற்கு முன்பே ஓட ஆரம்பிக்கிற அந்தப் புத்தியைப் பற்றியும் சொன்னேன். ரூபனும் அவனோடு ஆடியிருக்கிறான், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினான். நல்ல பிளேயர் என்றான். பிறகு முட்டிப்பட்டையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டுப் படுத்துவிட்டான்.

அவனே நல்ல பிளேயர் என்று சொல்லிவிட்டான்.

ஜூலை 28, திங்கள்

ஆபீஸிலிருந்து ரூபனுக்குப் போன். பட்டியலில் முதல் இரண்டு பேரும் புதன்கிழமை ஆஸ்பத்திரியில் கால் ஸ்கேன் எடுக்க வேண்டுமாம். இதுவரை இப்படி ஒரு வழக்கம் கிடையாது. இந்த வருடம் புதிதாக வைத்திருக்கிறார்கள். எதையாவது புதிதாக வைத்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

ரூபன் என்னைப் பார்த்தான். நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூலை 30, புதன்

காலை ஏழு மணிக்குக் கிளம்பினான். கூட வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றான்.

ஜூலை 31, வியாழன்

மழை. 64 நம்பர் வண்டி இரண்டு டிரிப் ரத்து.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆர்டர் அஸ்வந்த்துக்குப் போய்விட்டது.

ஆபீஸ் டீமில் சேர்ந்தால் இனி மேட்ச் அதிகம் ஆடுவான், எனக்கு பாயிண்ட் அதிகம் வரும் என்று ஒரு நினைப்பு ஓடியது. ஓடியது உண்மை, அதனால் எழுதுகிறேன். சனியன் பிடித்த மூளை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கிரவுண்டில் ஆல்பர்ட்டைப் பிடித்தேன். இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டு, ஸ்கேன் எடுக்கச் சொன்னது நீதானே என்றேன். மறுப்பான், பிறகு சட்டையைப் பிடிக்கலாம் என்று நினைத்திருந்தேன். அவன் மறுக்கவில்லை.

“நாந்தான் சொன்னேன்.”

நாற்பது வருடப் பழக்கம், சின்ன வயதிலிருந்து பார்த்த பையன், உனக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்டேன். குரலை உயர்த்திவிட்டேன், நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஆல்பர்ட் குரலை உயர்த்தவில்லை.

“மாசிலாமணி, ஒம்போது வருஷமா கோவில் மாடு மாரி அவன வெச்சிருந்த. நான் ஒரு தடவ மூணு பேரக் குடுக்கறேன்னு சொன்னேன், அப்பயும் வுடல. அப்டி ஆள நீயே வோணான்னு தூக்கிப் போட்ட. உன் டீமுக்கு வோணாம்னு பெத்த அப்பன் நெனைக்கிற பிளேயர எங்க டீமுக்கு எப்டிப்பா எடுக்கறது? நீ உன் டீமப் பாத்த. நான் எங்க டீமப் பாத்தேன்.”

நான் முட்டி என்ற வார்த்தையையே எழுதவில்லை என்றேன். ரெஃப்ரி விசில் அடித்ததும் அவன் போய்விட்டான்.

நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடித்துச் சொல்வேன். எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சகுந்தலாவுக்கு ரூபன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் போலிருக்கிறது. முட்டியை மறைத்ததற்காக முதலில் அவனைத் திட்டினாள். பிறகு அழுதாள். என்னை ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் சோறு போடும்போது கேட்டாள்.

“அந்த லீக்கில ஜெயிச்சா இன்னா குடுப்பாங்க?”

கப்பு என்றேன்.

“எவ்ளோ பெருசு?”

கையால் காட்டினேன். ஒரு சாண் இருக்கும். அவள் என் கையையே பார்த்தாள். பிறகு ரசச் சட்டியை என் பக்கம் நகர்த்திவிட்டு உள்ளே போய்விட்டாள். நானே ஊற்றிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அஸ்வந்த் ஒன்று. நான் முதலிடம், ஆல்பர்ட்டைவிட நான்கு பாயிண்ட் கூட.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சீசன் முடிந்தது. நான் ஜெயித்தேன்.

கோட்டீஸ்வரன் கடையில் வைத்துக் கப்பைக் கொடுத்தான். வழக்கமாக ஆறு பேரும் வருவார்கள், பிரியாணி இருக்கும். இன்று அவனும் நானும் மட்டும். மற்றவர்களுக்கு வேலை இருக்கிறதாம். கடையில் ஒரு பெண் ஆதார் கார்டு செராக்ஸ் எடுக்க வந்தாள், இது எதுக்கு சார் குடுத்தாங்க என்று கேட்டாள். ஃபுட்பால் என்றேன். இந்த வயசிலயா என்று சிரித்தாள்.

கப்பை பைக்குள் போட்டு, அதன் மேல் கொத்தவரங்காயைப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பெரிய ஆஸ்பத்திரியில் ரூபனுக்கு ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தது. வார்டுக்குள் ஒருவருக்குத்தான் பாஸ். ரூபன் தாமோதரன் பெயரைக் கொடுத்திருக்கிறான். மாமாவுக்கு வேலை வெட்டி இல்லை, கூடவே இருப்பார், உனக்கு டூட்டி இருக்கில்ல என்றான். ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அதைச் சொல்லவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். நேரமானதும் சகுந்தலாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

டிஸ்சார்ஜ். மூன்று மாடி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தாமோதரன் வீடு தரைத்தளம். அங்கேயே போய்விட்டான். காலையும் மாலையும் சகுந்தலா சோறு எடுத்துக்கொண்டு போகிறாள்.

லீவை ரத்து செய்து டூட்டியில் சேர்ந்தேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

கட்டிலுக்கு அடியில் ரூபனின் பூட்ஸ் கிடந்தது. தொடவில்லை. பெருக்கும்போது சுற்றிப் பெருக்கினேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

நான்கு நாட்களாக யோசித்ததை இன்று காலையில் செய்தேன். குரூப்பில் எழுதினேன்: “ரூபனை விட்டதற்கு நான் எழுதிய காரணம் பொய். முட்டி போனது எனக்கு முன்பே தெரியும். டிரேடைச் செல்லாது என்று அறிவித்து, ரூபனை என்னிடமும் அஸ்வந்த்தைத் தாமோதரனிடமும் திருப்பிக் கொடுக்க வேண்டும். கப்பையும் கொடுத்துவிடுகிறேன்.”

கொஞ்ச நேரம் கழித்துக் கோட்டீஸ்வரன் போன் செய்தான். பொய் சொன்னவன் வந்து செல்லாது என்று சொல்ல முடியாது, ஏமாந்தவன்தான் புகார் கொடுக்க வேண்டும், தாமோதரன் கொடுத்தால் இப்போதே மாற்றி எழுதுகிறேன் என்றான். நியாயம்தான். முல்லை நகருக்குப் போனேன்.

தாமோதரன் வாசலில் உட்கார்ந்து ஊன்றுகோலுக்கு அடியில் புது ரப்பர் மாட்டிக்கொண்டிருந்தான். ரூபன் உள்ளே குளித்துக்கொண்டிருந்தான், தண்ணீர்ச் சத்தம் கேட்டது. குரூப்பைப் பார்த்தாயா என்றேன். பார்த்தானாம். அப்படியானால் ஒரு வரி எழுது, உன்னை ஏமாற்றிவிட்டேன் என்று எழுது, முடிந்துவிடும் என்றேன்.

“நான் எங்க ஏமாந்தேன்?” என்றான்.

புரியவில்லை. அவன் ரப்பரை அழுத்தி மாட்டிவிட்டுத்தான் பேசினான்.

“மாடிப்படில அவன் எறங்கறதப் பாத்தன்னிக்கே தெரியும், முட்டி போச்சுன்னு. அவனாச் சொல்லட்டும்னு வுட்டுட்டேன். அப்பால பாத்தா நீ குரூப்ல கூவிகினு நிக்கிற. ஆல்பர்ட்டு வேற ஏன்னு கேட்டுட்டான். இன்னும் அஞ்சு நிமிஷம் நீ அப்டியே நின்னிருந்தா எல்லாவனும் கேட்டிருப்பான். எங்கிட்ட இருந்ததிலயே பெரிய பேரத் தூக்கிப் போட்டா, ரூபனுக்கு ஒண்ணுமில்லன்னு நம்புவானுங்கன்னு நெனச்சேன். அதான் அஸ்வந்த்தப் போட்டேன். ஆல்பர்ட்டு நம்பல.”

நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்தில் அவன் இவ்வளவு யோசித்திருக்கிறான். நான் இரண்டு வடை சாப்பிட்டேன்.

வாசல்படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். விதியெல்லாம் வேண்டாம், நமக்குள் மாற்றிக்கொள்ளலாம், அஸ்வந்த்தை எடுத்துக்கொள், என்னிடம் இருக்கிற எட்டுப் பேரில் இன்னும் யார் வேண்டுமோ எடுத்துக்கொள், எட்டுப் பேரையும்கூட எடுத்துக்கொள், ரூபனைக் கொடு என்றேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். இருபத்தேழு வயதில் திரும்பி வருவான், வராமலும் போவான், உனக்கு எதற்கு ஒரு இடம் வீணாக, என்றும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

“ஆடுனா ஆடட்டும், ஆடாட்டிப் போறான். அவன் எங்கிட்டயே இருக்கட்டும்பா” என்றான் தாமோதரன். கோபமே இல்லை. கோபப்பட்டிருக்கலாம்.

உள்ளே தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. ரூபன் ஈரத்தலையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தான். என்னைப் பார்த்ததும் நாற்காலியின் மேல் கிடந்த துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு, உட்காரச் சொன்னான். வீட்டுக்கு வருகிறவர்களிடம் நான் பேசச் சொல்லிக் கொடுத்த அதே மரியாதையோடு பேசினான்.

“வாப்பா. வெயில்ல வந்துகீற. சாப்ட்டியா?”

சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்றேன். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை.